வினையால் அணையும் பெயர்

மன்னார்ப் பெருநிலக் கரையில், பூநகரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் மேற்குப் புறத்தே, கண்டற் காடும் உவர்நிலமும் சூழக் கிடப்பது விடத்தல்தீவு. விடத்தல் என்பது ஒருவகை முள்மரம். அம்மரத்தாற் பெற்ற பெயர் இது என்பர். பெயரிலே தீவு இருப்பினும் ஊர் தீவன்று. பெருநிலத்தோடு ஒட்டிய கடற்றுறையே. பெயரை மாத்திரம் கேட்டு வருவோர் தோணி தேடுவர். சாலையோ அவர்களை நேரே ஊருக்குள் இட்டுச் செல்லும்.

பெயர் ஒன்றாகப் பொருள் வேறாக நிற்கும் இந்நிலை ஊர்ப்பெயருக்கு மட்டும் உரியதன்று. தொழில் தேடுவோரும், செய்துவந்த தொழிலை விட்டு வேறொன்றை நாடுவோரும் அடையும் இடர்களை ஆராய்ந்து பார்ப்பின், அவற்றுட் பல பெயரையே பொருளென மயங்குவதால் விளைவன என்பது புலப்படும். “நான் பட்டதாரி”, “நான் கலைப்பிரிவிற் படித்தவன்”, “நான் கடற்றொழிலாளி மகன்” என்று நம் இளைஞர் தம்மைப் பெயராற் கூறுகின்றனர். வேலை கொடுப்போன் வினவுவதோ வினையை. “உன்னால் யாது செய்ய முடியும்?” என்பதே அவன் கேள்வி. கேள்வி வினையாகவும் விடை பெயராகவும் இருந்தால் இருவரும் ஒருவரை ஒருவர் காணாமலே பிரிகின்றனர்.

இலக்கணம் கற்றோர் இதனை எளிதில் உணர்வர். பிறர் இட்டு வழங்கும் பெயர் ஒருவகை. ஒருவன் செய்யும் வினையே அவனுக்குப் பெயராகி வருவது மற்றொரு வகை. பின்னதை வினையாலணையும் பெயர் என்றனர் நம் முன்னோர். காலங் காட்டுதல் அதன் சிறப்பு. படித்தவன் என்பது இறந்த காலம். படிக்கின்றவன் என்பது நிகழ்காலம். படிப்பவன் என்பது எதிர்காலம். பட்டம் பெற்ற நாளுக்குப் பின் நூலைத் தொடாதவன் ‘படித்தவன்’ என்ற இறந்த காலத்திலேயே தங்கிவிடுகின்றான். தொழிலுலகம் தேடுவது ஏனைய இரு காலத்தாரையே. இந்நோக்கோடு, தொழில் தேடும் வழியிற் கிடக்கும் தடைகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

உயர்வு தாழ்வு

முதலாவது தடை, தொழில்களை உயர்ந்தன என்றும் தாழ்ந்தன என்றும் பிரித்து வைத்த மனம். “கோழி மேய்த்தாலும் கொறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது வடபுலத்தில் நெடுங்காலம் வழங்கிவரும் பழமொழி. கொறணமேந்து என்பது அரசாங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. மேய்ப்பது கோழியேயாயினும் மேய்ப்பவன் அரசாங்கத்தான் என்ற பெயரே அங்கு பெரிதாயிற்று. இப்பழமொழி முற்றும் மடமையன்று. மழை பொய்த்தால் வயல் இல்லை, காற்றெழுந்தால் கடல் இல்லை என்ற நாட்டில், மாதந்தோறும் தவறாது வரும் ஊதியமும் முதுமையில் வரும் ஓய்வூதியமும் பெருவரமேயாம். ஆயினும் அவ்வரத்தை நாடுவது வேறு. அது கிட்டாத எத்தொழிலையும் இழிவெனக் கருதுவது வேறு. இக்கருத்தோடு சாதியும் வந்து பிணைந்துகொண்ட இடத்தில் தடை இரட்டிப்பாகின்றது. தந்தை செய்த தொழிலைச் செய்தால் ஊர் இழிக்கும். செய்யாது வேறொன்றை நாடினால் அதே ஊர் நகைக்கும். இவ்விரண்டிற்கும் இடையில் அகப்பட்ட இளைஞன் பேசாது வீட்டிலிருக்கின்றான்.

பழந்தமிழர் இவ்வாறு எண்ணினரல்லர் என்பதற்குச் சங்கப் புலவர் பெயர்களே சான்று. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். கூலவாணிகன் சாத்தனார் தானியம் விற்றவர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் உலைக்களத்தவர். மருத்துவன் தாமோதரனார் நோய் தீர்த்தவர். மதுரைக் கணக்காயனார் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். தொழிற் பெயரை மறைக்க வேண்டும் என்று எவரும் நினைக்கவில்லை. கூலம் அளந்த கையே மணிமேகலையை எழுதிற்று என்பது நம் மரபு. இப்பெயர்களைப் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் மாணாக்கர், அவை உணர்த்தும் பாடத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

முத்துக் கடல் தந்த பாடம்

ஒரு தொழில் எவ்வளவு பெருமையுடையதாயினும் அது என்றும் நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை. இதனை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. விடத்தல்தீவின் தெற்கே, மன்னார்த் தீவைக் கடந்து, அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி எனக் கரைவழியே சென்றால் முத்துக்குளிப்பு நடந்த நிலம் வரும். பருவம் வந்தபோது அவ்வெறுங்கரையில் ஒரு பட்டினமே எழும். தமிழ்நாட்டுக் கரையிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் குளியாளர் வருவர். வணிகரும் கடைகாரரும் காவலரும் கூடுவர். காலிற் கல்லைப் பிணித்துக்கொண்டு ஒருவன் இறங்க, மேலே தோணியில் இருப்பவன் கயிற்றைப் பிடித்திருப்பான். சுறாமீனின் வாயை மந்திரத்தாற் கட்டுவோர் என நம்பப்பட்ட ‘கடற்கட்டி’ என்போருக்கும் அரசாங்கமே ஊதியம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. சுறாவின் வாயைக் கட்டுதலும் அன்று அரசாங்க உத்தியோகமே!

1905ஆம் ஆண்டுக் குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதைக் கண்டு மகிழ்ந்து, 1906இல் ஓர் ஆங்கிலக் கம்பெனி 20 ஆண்டுக் குத்தகைக்கு அப்பார்களைப் பெற்றது. 1907க்குப் பின் சிப்பி இல்லை, கம்பெனி கலைந்தது. 1925இல் மீண்டும் ஒரு குளிப்பு நடந்தது. அதன்பின் பழைய முறையிலான பெருங்குளிப்பு நிகழவேயில்லை. அக்காலத்திலேயே யப்பானியர் சிப்பியினுள் செயற்கையாக முத்து வளர்க்கும் வித்தையைப் பெருக்கினர். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சி முத்து வாங்குவோர் கையையும் வெறுமையாக்கிற்று. ஈராயிரம் ஆண்டு பழமையுடைய தொழிலொன்று ஒரு தலைமுறைக்குள் வழக்கொழிந்தது.

அத்தொழிலையே நம்பியிருந்தோர் யாது செய்தனர்? நம் கரைகளில் அத்திறம் சங்கு குளித்தலில் நிலைத்தது. ஏனையோர் மீன்பிடியையும் வணிகத்தையும் நாடினர். பாரசீக வளைகுடாவில் பாஃறேனிலும் குவைத்திலும் இருந்த குளியாளர் நிலை இன்னும் கொடியது. அங்கே முத்தைத் தவிர வேறு பிழைப்பு அரிது. 1932இல் பாஃறேனிலும் 1938இல் குவைத்திலும் எண்ணெய் கண்டபோது, கடலடியில் மூச்சடக்கியவர் பலர் எண்ணெய்க் கிணற்றருகே கூலியாட்களாயினர். முத்துக்காக இக்கரை நோக்கி வந்த அரேபியரின் நாட்டுக்கு இன்று இக்கரையின் ஆணும் பெண்ணும் வேலை தேடிச் செல்வதை எண்ணும்போது, தொழிலின் அலை எத்திசையில் ஏறும், எத்திசையில் வற்றும் என்பதை முன்னரே கூறவல்லார் எவருமிலர் என்பது தெளிவாகும். தொழிலின் பெயர் அழிந்தது. மூச்சடக்கும் உறுதியும், கடலை அறிந்த அறிவும், கயிறு பிடிப்பவனை நம்பும் பண்பும் அழியவில்லை. அவற்றை வேறொரு தொழிலிற் பயன்கொள்ளக் கற்றவனே பிழைத்தான்.

ஒரே வாசலில் நிற்றல்

இரண்டாவது தடை, பல வாசல்கள் இருப்பினும் ஒன்றின் முன்னேயே நின்று காத்திருத்தல். வட மாகாணத்தில் அந்த ஒரு வாசல் அரசாங்க நியமனம். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க ஆட்சிமொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியபோது, கந்தோர்களிற் பணிபுரிந்த தமிழர் பலர் அவ்வாசல் திடீரென ஒடுங்கியதைக் கண்டனர். சிலர் புதுமொழி கற்றனர். சிலர் ஓய்வு பெற்றனர். சிலர் கடல் கடந்து சென்றனர். அது அவர்தம் மனத்தின் குறையாலோ முயற்சியின் குறையாலோ வந்த தடையன்று. சட்டத்தால் வந்த தடை. முயன்றால் எல்லாம் ஆகும் என்று மேடையிற் கூறுவோர் இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

எனினும், ஒடுங்கிய வாசலின் முன் கூட்டம் குறையவில்லை. 2017ஆம் ஆண்டில் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் வீதியோரங்களிற் பல நாள் அமர்ந்து போராடினர். 2020இல் பட்டதாரிகள் பல்லாயிரவரை அரசாங்கம் பயிலுநராகச் சேர்த்தது. இரண்டு ஆண்டுகளில், 2022இல், நாட்டின் திறைசேரியே வெறுமையாயிற்று. அரசாங்கத்தைக் குறைகூறுவதற்காக இதனை ஈண்டு எழுதவில்லை. பட்டம் பெற்ற நாளுக்கும் நியமனக் கடிதம் வரும் நாளுக்கும் இடையில் ஐந்தாறு ஆண்டுகள் கழியுமாயின், அவ்வாண்டுகளில் அந்த இளைஞன் எந்த வினையைச் செய்தான் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. காத்திருத்தல் தவறன்று, கைகட்டிக் காத்திருத்தலே தவறு. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு வலை பொத்தலாம், கணக்கெழுதலாம், கணினி கற்கலாம், சிங்களமும் ஆங்கிலமும் பயிலலாம், பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லலாம். நியமனம் வந்தால் இவை வீணாகா; வாராவிடின் இவையே வாழ்வாகும்.

கையோடு எடுத்துச் செல்வது

தொழில் மாறுவோர் நெஞ்சில் எழும் அச்சம் ஒன்றுண்டு. “இதுவரை கற்றதெல்லாம் பயனற்றதாகிவிடுமே” என்பதே அது. இவ்வச்சம் பொருளற்றது என்பதற்கு ஈழநாட்டின் பேரறிஞர் இருவர் வரலாறு போதும்.

சிறுப்பிட்டியில் 1832இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை தம் வாழ்நாளில் எத்துணைத் தொழில் புரிந்தார் என எண்ணிப் பார்க்க. கோப்பாயில் ஆசிரியரானார். சென்னைக்குச் சென்று ‘தினவர்த்தமானி’ப் பத்திரிகையை நடத்தினார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார், கல்லூரியிற் போதித்தார். பின்னர் அரசாங்கக் கணக்குத் திணைக்களத்தில் உயர்ந்த பதவி வகித்தார். அதற்கிடையில் சட்டம் பயின்று 1871இற் சட்டப் பட்டம் பெற்றார். 1882இல் ஓய்வு பெற்றபின் கும்பகோணத்தில் வழக்கறிஞரானார். 1887இற் புதுக்கோட்டையில் நீதிபதியானார். ஆசிரியர், பத்திராதிபர், கணக்காளர், வழக்கறிஞர், நீதிபதி என்ற இவற்றுள் எப்பெயராலும் இன்று தமிழுலகம் அவரை நினைப்பதில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் 1868இலும், வீரசோழியத்தை 1881இலும், பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும் ஏட்டிலிருந்து அச்சேற்றிய பதிப்பாசிரியர் என்றே நினைக்கின்றது. அவற்றுட் சில அவர் உத்தியோகத்தில் இருந்தபோதே வெளிவந்தன. கணக்குச் சாலையிற் பழகிய நுணுக்கமும், நீதிமன்றத்திற் பழகிய சான்று நோக்கும், மாறுபட்ட ஏடுகளை ஒப்புநோக்கும் பணிக்குத் துணைநின்றன என்று கருதுவது பிழையாகாது. தொழில்கள் மாறின; செம்மையாகச் செய்தல் என்ற வினை மாறவில்லை.

காரைதீவில் 1892இற் பிறந்த மயில்வாகனனார் மற்றொரு சான்று. ஆசிரியப் பயிற்சி பெற்றார்; கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்றார்; 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்று மானிப்பாய் இந்துக் கல்லூரித் தலைமை ஏற்றார். 1922இல் அப்பதவியைத் துறந்து இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார்; விபுலானந்த அடிகளானார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். விஞ்ஞானம் விட்டுத் தமிழுக்கு வந்தார் என்று மேலோட்டமாகக் கூறலாம். ஆனால் 1947இல் வெளிவந்த யாழ் நூலைத் திறந்து பார்ப்போர், அவர் விஞ்ஞானத்தை விடவில்லை என்பதைக் காண்பர். மறைந்த யாழ்க்கருவியை மீட்டெடுக்க அவர் கையாண்டவை சிலப்பதிகார அறிவும் கணித அறிவும் ஒருங்கேயாம். தமிழ் மட்டும் கற்றவராலும் விஞ்ஞானம் மட்டும் கற்றவராலும் அந்நூலை எழுதியிருத்தல் அரிது. தொழில் மாறியவர்க்கே உரிய செல்வம் அது.

மீண்டும் மாணாக்கராதல்

மூன்றாவது தடை நாணம். ஒரு துறையில் முதிர்ந்தவன் மறு துறையில் முதல் வரிசை மாணாக்கனாக அமர நாணுகின்றான். நாற்பது வயதில் இருபது வயதுடையானிடம் வேலை பழகுவது எளிதன்று. இந்நாணத்தை வென்றார்க்கு உ. வே. சாமிநாதையரினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டு, திருவாவடுதுறை ஆதீனத்தில் வாழ்ந்தவர் ஐயர். மடத்துப் புலமை வேறு. ஆங்கிலக் கல்லூரி ஆசிரியப் பணி வேறு. 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் ஆசிரியரிடமே கற்ற இளையவரான ஐயரை அவ்விடத்துக்குப் பரிந்துரைத்தார். பரிந்துரை மட்டும் போதவில்லை. கல்லூரியார் முன்னிலையில் வினாக்களுக்கு விடை கூறியும் செய்யுள் இயற்றியும் ஐயர் தம் தகுதியைக் காட்ட நேர்ந்தது. பட்டமோ ஆங்கிலக் கல்வியோ இல்லாதவர் வினையினால் அவ்விடத்தைப் பெற்றார்.

இதனினும் பெரிய சோதனை அவ்வாண்டிலேயே பின்னர் வந்தது. கும்பகோணத்தில் முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரிடம், தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் ஐயர் வரிசைப்படுத்திக் கூறினார். முதலியார் அவற்றைப் பொருட்படுத்தாது, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார். படித்ததில்லை. கல்லூரி ஆசிரியர் என்ற பெயர் வந்தபின் “படித்ததில்லை” என்று கூறுவது எத்துணைக் கடினம் என்பதை ஆசிரியராயிருப்போர் அறிவர். ஐயர் அதைக் கூறினார். கூறியதோடு நில்லாது மீண்டும் மாணாக்கரானார். சமண நூலாகிய அதன் பொருளறியக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. ஒரு வினாவின் முன் நாணித் தலைகவிழ்ந்திருப்பின் சங்க நூற்பதிப்புகள் பல நமக்குக் கிடைத்திரா. தொழிலில் மேலேறும் படிகளுட் சில கீழ்நோக்கி அமைந்தவை என்க.

அறிமுகமும் விண்ணப்பமும்

நான்காவது தடை, அறிமுகமின்மை. “ஆள் தெரிந்தால் வேலை, தெரியாவிட்டால் இல்லை” என்று மக்கள் கூறுவதில் உண்மை உண்டு. சிபாரிசின் இழிந்த வடிவத்தை நாம் எல்லோரும் அறிவோம். அதற்கு உயர்ந்த வடிவமும் ஒன்றுண்டு. தன் வினையை அறியவல்லாரிடம் கொண்டுசென்று காட்டுதலே அது.

கணிதமேதை இராமானுஜன் கல்லூரியிற் கணிதம் ஒழிந்த பாடங்களிற் தவறிப் பட்டமின்றி நின்றவர். 1910ஆம் ஆண்டளவில் திருக்கோவலூரில் துணைக் கலெக்டராயிருந்த இராமசுவாமி ஐயரிடம் எழுத்தர் வேலை கேட்டுச் சென்றார். கையில் இருந்தது சான்றிதழன்று. தம் கணிதக் குறிப்பேடு. ஐயரும் கணிதர், ஏட்டைக் கண்டார், வியந்தார், வேறோர் அறிஞரிடம் அனுப்பினார். அவர் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவிடம் அனுப்பினார். ஒருவரும் உறவினரல்லர், குறிப்பேடே உறவாயிற்று.

1912ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்கு அவர் எழுதிய விண்ணப்பம் நம் மாணாக்கர் கற்கத்தக்கது. தாம் மெட்ரிக்குலேசன் தேறியவர் என்பதையும், அதன்மேற் படிப்பு இடையூறுகளால் தடைப்பட்டது என்பதையும், அக்காலம் முழுவதும் கணிதத்திலேயே ஈடுபட்டிருந்ததையும், அவ்வேலையைச் செவ்வனே செய்ய இயலும் என்ற நம்பிக்கையையும் சுருங்கக் கூறினார். குறையை மறைக்கவில்லை, குறைக்காக அழவுமில்லை. மார்ச் 1ஆம் நாள் 30 ரூபா மாத ஊதியத்தில் எழுத்தரானார். மறுவருடம் ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோதும் தாம் ஓர் எழுத்தர், பல்கலைக்கழகக் கல்வி இல்லாதவர் என்றே தொடங்கி, பின் தாம் கண்ட தேற்றங்களை முன்வைத்தார். 1918இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை உறுப்பினராக்கிற்று.

நம்மவர் விண்ணப்பங்களோ பெரும்பாலும் குடும்பக் கஷ்டத்தில் தொடங்கிக் கடவுள் வாழ்த்தில் முடிகின்றன. செய்ததும் செய்யக்கூடியதும் இடையில் எங்கோ ஒரு வரியில் ஒளிந்து கிடக்கும். நேர்முகப் பரீட்சையிலும் அவ்வாறே. கேட்ட வினாவுக்கு விடை கூறாது பட்டப் பெயர்களைக் கூறுவர். திருவள்ளுவர் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தமையைக் கவனிக்க. ஆளைத் தெரிந்தெடுப்பவன் நோக்குவது வினையாடுதற்குரிய தகுதியையே. அந்நோக்கைத் தேடுவோனும் அறிந்திருப்பின் பாதி வழி கடந்தவனாவான்.

சான்றிதழ் இழந்தோர்

இதுகாறும் கூறியவை கற்றோர் வரலாறு. கடிதமும் ஏடும் இல்லாதார் யாது செய்வர்? இவ்வினாவுக்கு விடத்தல்தீவின் அண்மைக் காலமே விடை கூற வேண்டும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். விடத்தல்தீவு முஸ்லிம் குடும்பங்களும் கையிற் கிடைத்ததோடு புத்தளப் பகுதிக்குச் சென்றன. தோணியும் வலையும் கரையில் நின்றன. உரியவர் அயல் மாவட்டத்தின் உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் கூலிவேலை தேடினர். 2008இற் போர் இக்கரைக்கு வந்தபோது எஞ்சியோரும் இடம்பெயர்ந்தனர். 2009இற் போர் முடிந்தபின் மீண்டவர் மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்கினர். போரிற் கணவரை இழந்த மகளிர், அதுவரை செய்தறியாத தொழில்களை ஏற்றுக் குடும்பம் காத்தனர். தொழில் மாறுதல் பற்றி நூல் எழுதத் தகுதியுடையார் யாரெனில் அவர்களே.

அவர்களுக்குத் திறன் இல்லை என்று யார் கூறுவர்? சோழகமும் வாடையும் கச்சானும் எப்போது திரும்பும் என அறிந்தவன், எஞ்சினைப் பிரித்துப் பூட்டுபவன், நண்டையும் இறாலையும் தரம் பிரித்து நிறுப்பவன், சம்மாட்டியிடம் பெற்ற கடனை மனக்கணக்காய் வைத்திருப்பவன் ஆகிய ஒருவனுக்குள்ளேயே நான்கு தொழில்கள் உள. அவற்றுக்குப் பெயர் இடப்படவில்லை என்பதே குறை. இலங்கையில் இன்று நடைமுறையிலுள்ள தேசிய தொழிற்தகைமை முறையில், முன்னரே அனுபவத்தாற் கற்றதை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் ஏற்பாடு உண்டு. பாடசாலைக் கல்வி இடையில் நின்றவரும், பல்லாண்டு கைப்பழக்கமுடைய மேசனும் மின்னிணைப்பாளரும் இயந்திரந் திருத்துவோரும் தம் வேலையை மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டிச் சான்றிதழ் பெறலாம். செய்பவன் என்ற வினைக்கு அரசாங்கமே பெயர் இடும் முறை இது. இதனை அறியாமையாற் கூலியாளாகவே முதுமையடைவோர் பலர். அறிவித்தல் கற்றோர் கடன்.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

ஆதலின் இவ்வாரப் பக்கத்தை வாசிக்கும் ஆசிரியர்க்குச் சில கூறி முடிப்போம். தமிழ்ப் பாடவேளையில் ‘நான் ஒரு மருத்துவரானால்’ எனக் கட்டுரை எழுதுவிக்கின்றோம். பெயரைக் கனவு காணப் பழக்குகின்றோம். அதனோடு மற்றொன்றும் எழுதுவிப்போமாக: ஒவ்வொரு மாணாக்கனும் மாணாக்கியும் தம்மாற் செய்ய இயன்ற பத்து வினைகளைத் தெளிவான வாக்கியங்களில் எழுதட்டும். தாயோடு கருவாடு காயவைத்துக் கணக்குப் பார்த்ததும் அதிலே இடம்பெறட்டும். தந்தையின் வலையைப் பொத்தியதும் இடம்பெறட்டும். அதன்பின் ஒரு விண்ணப்பம் எழுதக் கற்பிப்போம். குறையை நேரே கூறவும், திறனைப் பெருமை பேசாது உரைக்கவும், வினவியதற்கு விடையிறுக்கவும் பயிற்றுவோம். இதற்குத் தனி நூல் வேண்டாம். தனி நிதியும் வேண்டாம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளையின் பட்டத்தை ஊராரிடம் கூறுமுன், அவன் அல்லது அவள் இவ்வாரம் யாது செய்தார் எனக் கேட்டறிக. மாணாக்கர்க்குக் கூறுவது இதுவே: உங்களுக்குப் பிறர் இட்ட பெயர்கள் பல. அவற்றுட் சில உங்களை உயர்த்தும், சில தாழ்த்தும். இரண்டையும் பெரிதாகக் கொள்ளாதீர். சட்டமும் போரும் கட்டிய சுவர்களை ஒருவராகத் தகர்த்தல் இயலாது; அதற்கு நாடு முழுவதும் கூட வேண்டும். ஆனால் இன்று காலையில் ஒரு வினையைத் தொடங்குவதற்கு எவருடைய நியமனக் கடிதமும் வேண்டுவதில்லை. தொடங்குக, பெயர் பின்னே வரும்.